கட்டைக் குரலுக்கும் ஒரு பங்கு

கடைசியாக நீங்கள் வாய்விட்டுப் பாடியது எப்போது? பாத்ரூம் கணக்கில் சேராது. ஹெல்மெட்டுக்குள் பாடியதும் சேராது. நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, நாலு பேரோடு சேர்ந்து?

யோசிக்கிறீர்கள் இல்லையா? நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவுக்கு வந்தது ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூட ஆண்டு விழா. கடவுள் வாழ்த்துப் பாட முப்பது பையன்களைப் பொறுக்கி நிறுத்தினார்கள். வளர்த்தி என்பதால் நான் பின்வரிசை. இரண்டாம் நாள் ஒத்திகையில் பாட்டு டீச்சர் ஒவ்வொருத்தன் வாயருகிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். திட்டவில்லை. ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்: "நீ பாடாதே கண்ணா. வாயை மட்டும் அசை."

அசைத்தேன். விழா நன்றாக நடந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது, முப்பது பேரிலும் என் குரல் மட்டும் தனியாகக் கணீரென்று கேட்டதாக அம்மா சொன்னாள். அம்மாக்கள் அப்படித்தான்.

அதற்குப் பிறகு நான் பாடவில்லை. தேசிய கீதத்துக்குக்கூட வாயை மட்டும்தான் அசைக்கிறேன். சுதி சேராதவன் சங்கீதத்தைப் பற்றி எழுத வரலாமா என்று கேட்டு கடிதம் போடாதீர்கள். பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன் நான். எதைப் பற்றித்தான் தகுதியோடு எழுதியிருக்கிறேன்?

இந்தப் பழைய கதையைக் கிளறக் காரணம் இருக்கிறது. சில மாதங்களாக ஒரு வினோதமான வகை இசையைத் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேடையில் இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்து, 'நீயும் வா, நீ இல்லாமல் இது நடக்காது' என்று கூப்பிடுகிற சோதனை இசை. மேல்நாட்டில் நூறு வருஷமாக இந்த விளையாட்டு நடக்கிறது. சிலது பிரமாதம். சிலது சுத்த ஏமாற்று. எது எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு தராசு தேவைப்பட்டது.

தராசு அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடைத்தது. பார்வையாளர் 'பங்கேற்பு' என்கிறோம் அல்லவா? பி.காம். மூளைக்கு 'பங்கு' என்ற சொல் கண்ணில் பட்டால் போதும், உள்ளே பேலன்ஸ் ஷீட் விரிந்துவிடும். ஒரு கம்பெனியில் எனக்குப் பங்கு இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? லாபம் வந்தால் எனக்கும் வரும். நஷ்டம் வந்தால் என் பணமும் போகும். ஓட்டு உண்டு. நஷ்டமே வராது, ஓட்டும் கிடையாது, சமர்த்தாக உட்கார்ந்திருந்தால் வட்டி மட்டும் வரும் என்றால், அதன் பெயர் பங்கு இல்லை சார், ஃபிக்ஸட் டெபாசிட்.

ஆகவே ஒரே கேள்வி. நான் நினைத்தால் இந்த நிகழ்ச்சியைக் கெடுக்க முடியுமா? முடியும் என்றால்தான் நான் பங்குதாரர். முடியாது என்றால் டிக்கெட் வாங்கிய வாடிக்கையாளர். அவ்வளவுதான்.

சுலபமான உதாரணத்திலிருந்து ஆரம்பிக்கலாம். சோதனை இசையே இல்லை, பெரிய வியாபாரம். 2012 வாக்கில் கோல்ட்ப்ளே என்ற ஆங்கிலேய ராக் குழு, கச்சேரிக்கு வந்தவர்கள் மணிக்கட்டில் எல்லாம் விளக்குப் பட்டை கட்டிவிட்டது. எங்கோ ஒருவர் பட்டனைத் தட்டுவார். மொத்த ஸ்டேடியமும் சிவப்பாகும், நீலமாகும். 2025 ஜனவரியில் அகமதாபாத்துக்கு அவர்கள் வந்தபோது நம்மவர்களும் பட்டையைக் கட்டிக்கொண்டு ஜொலித்தார்கள். பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கை உங்களுடையது, ஸ்விட்ச் அவர்களுடையது. ஃபிக்ஸட் டெபாசிட்.

இப்போது நிஜமான கிறுக்கர்களிடம் வருவோம்.

எரிக் சாட்டி என்று ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர். பாரிஸ்காரர். குடையும் தொப்பியுமாகத் திரிந்தவர். 1920 மார்ச்சில் பாரிஸின் ஒரு ஓவியக் கூடத்தில், நாடக இடைவேளையில் 'தட்டுமுட்டு சாமான் இசை' என்று ஒன்றை வாசிக்க ஏற்பாடு செய்தார். நாற்காலி, மேஜை மாதிரி அந்த இசையும் ஓரமாகக் கிடக்க வேண்டும். யாரும் உட்கார்ந்து கேட்கக் கூடாது. பேச வேண்டும், நடக்க வேண்டும், குடிக்க வேண்டும். அதற்காக வாத்தியக்காரர்களை மூலைக்கு மூலை பிரித்து உட்காரவைத்தார்கள். வாசிப்பு ஆரம்பித்ததும் என்ன ஆயிற்று தெரியுமா? அரட்டை அடித்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று வாயை மூடிக்கொண்டு பவ்யமாகத் தங்கள் இருக்கைக்குத் திரும்பிவிட்டது! சாட்டி குறுக்கும் நெடுக்கும் ஓடி, 'பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள்!' என்று கெஞ்சினாராம். கூட இருந்த இசையமைப்பாளர் டேரியஸ் மில்லோ இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார்.

எனக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். நம் ஊர் சபாக்களில் வித்வான்கள் 'பேசாதீர்கள்' என்று கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறோம். இங்கே நேர் எதிர். சாட்டி தோற்றார், ஆனால் என் தராசில் பாஸ் பண்ணிவிட்டார். பார்வையாளர்கள் நல்லபடியாக நடந்துகொண்டே அவருடைய நிகழ்ச்சியைக் கெடுத்துவிட்டார்கள் பாருங்கள்!

அடுத்தவர் ஜான் கேஜ். இவர் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம், '4 நிமிடம் 33 விநாடி'க்காக. 1952 ஆகஸ்ட் 29 அன்று நியூயார்க் மாநிலத்தில் வுட்ஸ்டாக் அருகே மேவரிக் அரங்கில், டேவிட் டியூடர் பியானோ முன் உட்கார்ந்து மூடியை மூடினார். மூன்று பகுதிகள். ஒரு கட்டையைக்கூடத் தட்டவில்லை. காற்று, கூரையில் மழைத்துளி, கடைசியில் கடுப்பாகி முணுமுணுத்த, எழுந்துபோன ஜனங்களின் சத்தம். அதுதான் இசை என்றார் கேஜ். இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், நான் வேறு எழுத வேண்டாம். ஒரே ஒரு விஷயம். அன்று இருமியவருக்குத் தான் வாசிக்கிறோம் என்று தெரியாது. அவர் பெயரில் யாரோ பங்கு எழுதிவைத்தார்கள். அதற்கு எங்கள் பாஷையில் பினாமி என்று பெயர்.

கேஜுக்கே அது உறைத்ததோ என்னவோ, 1969-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இன்னொன்று செய்தார். தலைப்பு '33 1/3', எல்.பி. ரிக்கார்டு சுற்றுகிற வேகம். உள்ளே போனால் நாற்காலி இல்லை, வித்வான் இல்லை. சுமார் ஒரு டஜன் ரிக்கார்டு பிளேயர்கள், சுமார் முன்னூறு ரிக்கார்டுகள். எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். முழுச் சுதந்திரம். மொத்தக் கம்பெனியையும் தூக்கி ஜனங்கள் கையில் கொடுத்தாயிற்று. ஆனால் யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு பேர் பன்னிரண்டு பாட்டைப் போட்டால், பதிமூன்றாவது ஆள் செய்யக்கூடியது என்ன? வால்யூமைக் கூட்டுவதுதானே? அடுத்தவன் போட்டதைக் கேட்டாக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கம்பெனி ஆண்டுப் பொதுக்குழுவுக்கு நிருபராகப் போயிருக்கிறேன். ஸ்வீட், காரம் பாக்கெட்டுக்காக மட்டும் வருகிற பங்குதாரர்கள் உண்டு. அவர்களுக்கும் ஓட்டு உண்டுதான். ஆக, கெடுக்க முடியுமா என்ற கேள்வி மட்டும் போதாது. கெட்டுவிடுமே என்ற கவலையும் வேண்டும்.

2001-ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில், ஆர்ஸ் எலக்ட்ரானிகா விழாவில் நடந்த 'டயல்டோன்ஸ்' வேறு ரகம். கோலன் லெவின் என்ற அமெரிக்கரும் அவர் கூட்டாளிகளும் செய்தது. நோக்கியா காலம், ஞாபகமிருக்கிறதா? பாலிஃபோனிக் ரிங்டோன் வைத்திருந்தவன் பணக்காரன். வாசலிலேயே உங்கள் செல் நம்பரைப் பதிவு செய்துகொண்டு, புது ரிங்டோனை ஏற்றி, உட்கார வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுவார்கள். கட்டம் கட்டமாக 200 இருக்கைகள். கலைஞர்கள் மேடையிலிருந்து கம்ப்யூட்டர் வழியாக வரிசையாக டயல் செய்வார்கள். எந்த போன் அடிக்கிறதோ அந்த ஆள் மீது வெளிச்சம் விழும். மேலே பெரிய கண்ணாடி, உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கச்சேரியில் அடித்தால் மானம் போகிற செல்போனையே கச்சேரியாக்கிய குறும்புக்கு ஒரு சலாம். அந்தப் பதிவைக் கேட்டால் மழைக்காலத்து வயல் மாதிரி இருக்கிறது, தவளையும் சில்வண்டுமாக.

ஆனால் அந்த 200 பேர் செய்தது என்ன? போனை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பியானோவின் கட்டைகள். வாசித்தது வேறு ஆள். இன்று எத்தனையோ கச்சேரிகளில் 'இந்த ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள், உங்கள் போனும் பாடும்' என்கிறார்கள். கெட்டிக்காரத்தனமானவை உண்டு. என் கேள்வியை வைத்தால் பெரும்பாலானவை இருபது வருஷத்துக்கு முந்தைய லின்ஸிலேயே நிற்கின்றன.

பாபி மெக்ஃபெரினையும் சொல்லாமல் விட்டால் என் மகள் கோபித்துக்கொள்வாள். 2009-ல் நியூயார்க் உலக அறிவியல் விழாவில், விஞ்ஞானிகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இந்த மனிதர் எழுந்து மேடையில் ஓரிடத்தில் குதித்தார். ஒரு ஸ்வரம். ஓரடி தள்ளிக் குதித்தார். இன்னொன்று. மூன்றாவது இடத்தில் குதித்தபோது அவர் பாடிக் காட்டவே இல்லை, கூட்டம் தானாகச் சரியான ஸ்வரத்தைப் பாடியது! ஐந்து ஸ்வர வரிசை, நம் மோகனத்துக்கு நெருங்கின சொந்தம். கூட்டம் அவர் காலடியில் ஆர்மோனியமாகிவிட்டது. பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஏதோ நெகிழ்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்த அரங்கில் என்னை மாதிரி நாலு பேர் தப்பாகப் பாடியிருந்தால் கூட்டத்தில் காணாமல் போயிருப்போம். தப்புக்கு அங்கே வேலை இல்லை. அத்தனை நூறு பேருக்கு நடுவே நான் வாயை மட்டும் அசைத்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

தப்புக்கு வேலை இருக்கிற இசை உண்டா? உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை இழுத்துவந்தேன்.

கார்னீலியஸ் கார்டியூ. இங்கிலாந்துக்காரர். இருபது சொச்சம் வயதில் ஜெர்மனியின் ஸ்டாக்ஹவுசனிடம் உதவியாளராக இருந்தவர். நவீன இசையின் பெரிய மடத்தில் பயின்ற சிஷ்யப் பிள்ளை என்று வையுங்கள். ஊர் திரும்பியவர் லண்டன் மார்லி கல்லூரியில் பெரியவர்களுக்கான வகுப்பு எடுத்தார். அங்கே சேர்ந்த கும்பலை வைத்து 1969-ல் மைக்கேல் பார்சன்ஸ், ஹோவர்ட் ஸ்கெம்ப்டன் இருவரோடு சேர்ந்து 'ஸ்க்ராட்ச் ஆர்கெஸ்ட்ரா' ஆரம்பித்தார். சங்கீதம் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஓவியக் கல்லூரிப் பையன்கள், வேலைக்குப் போகிறவர்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். அதற்கு ஓர் அரசியல் சட்ட வரைவுகூட எழுதி அந்த வருஷம் ஜூன் மாத 'மியூசிக்கல் டைம்ஸ்' இதழில் வெளியிட்டார். அதில் ஒரு ஷரத்து எனக்கு ரொம்ப இஷ்டம். கச்சேரியைத் திட்டமிடும் பொறுப்பு முறைவைத்துச் சுற்றும், வயதில் சின்னவரிலிருந்து ஆரம்பித்து. நம் ஊரில் நாற்காலிகூடச் சீனியாரிட்டி பார்த்துத்தான் போடுகிறோம்.

இவர்களுக்காகக் கார்டியூ எழுதியது 'தி கிரேட் லேர்னிங்'. கன்பூசிய மரபின் பழைய நூல் ஒன்றை எஸ்ரா பவுண்ட் ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார், அதற்கு ஏழு பத்திகளாக இசை. நமக்கு வேண்டியது ஏழாம் பத்தி. வாத்தியம் கிடையாது, குரல்கள் மட்டும். தாளம் கிடையாது, ஸ்வரக் குறிப்பும் கிடையாது. விதிகள் மட்டும்தான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், சுலபம்தான்.

ஒவ்வொருவர் கையிலும் அந்த வாசகத்தின் வரிகள். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எத்தனை தடவை பாட வேண்டும் என்று ஓர் எண். ஒரு தடவை என்றால் ஒரு மூச்சு. முதல் வரிக்கு உங்களுக்கு இஷ்டமான ஸ்வரம். அடுத்த வரிக்குப் போகும்போது, சுற்றி மற்றவர்கள் பாடுவதில் உங்கள் காதில் விழும் ஒரு ஸ்வரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எதுவும் கேட்கவில்லை, அல்லது எட்டவில்லை என்றால் மறுபடி உங்கள் இஷ்டம். அவரவர் மூச்சு, அவரவர் வேகம். நடந்துகொண்டே பாடலாம். எல்லோரும் முடித்தால் முடிந்தது.

இவ்வளவுதான் சார் மொத்தமும்! இதைப் படித்தபோது நான் நினைத்தேன், மீன் மார்க்கெட்தான் என்று. ஸ்க்ராட்ச் ஆர்கெஸ்ட்ரா 1971-ல் டாய்ச்ச கிராமஃபோன் கம்பெனிக்காக இதைப் பதிவு செய்திருக்கிறது. போட்டுக் கேட்டேன். முதலில் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு ரீங்காரம், ஒன்றோடொன்று உரசுகிற நூறு ஸ்வரங்கள். எழுந்து அணைக்கப் போனேன். கை பாதியில் நின்றது. கூட்டம் மெதுவாக, யாரும் சொல்லாமல், தெளிந்துகொண்டிருந்தது. கலங்கிய தண்ணீரில் மண் அடியில் இறங்குகிற மாதிரி. நூறு ஸ்வரம் இருபதாகி, பத்தாகி, சில இடங்களில் கோயில் பிராகாரத்தில் நிற்கிற மாதிரி ஒரு நிறைவு. கண்டக்டர் இல்லை. எப்படி நடக்கிறது?

அந்தப் பதிவில் பாடியவர்களில் ஓர் இளைஞர் பிரையன் ஈனோ. பின்னால் உலகப் புகழ் பெற்றவர். 1976-ல் ஒரு கட்டுரையில் இந்தப் பத்தியை மோட்டாரைப் பிரிக்கிற மெக்கானிக் மாதிரி பிரித்துப்போட்டு விளக்கியிருக்கிறார். காதில் விழுவதைத்தான் அடுத்து எடுக்க முடியும். ஆகவே யாரும் எடுக்காத ஸ்வரம் செத்துப்போகும். நிறைய பேர் பாடுகிற ஸ்வரம் இன்னும் நிறைய பேரைப் பிடிக்கும். அந்த அறைக்கென்று சில ஸ்வரங்கள் எடுப்பாக ஒலிக்கும், அதுவும் ஆள் சேர்க்கும். கணக்குப்படி பார்த்தால் கடைசியில் எல்லோரும் ஒரே ஸ்வரத்தில் வந்து நிற்க வேண்டும். ஆனால் நிற்பதில்லை. ஏன்?

ஈனோ சொல்கிற காரணங்களில் ஒன்றைப் படித்தபோது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். கூட்டத்தில் சுதி சேராத ஆட்கள் இருப்பார்கள். பக்கத்து ஆள் பாடுவதைத்தான் பாடுகிறோம் என்று நம்பிக்கொண்டு கொஞ்சம் தள்ளி வேறொன்றைப் பாடுவார்கள். அது அதுவரை அந்த அறையில் இல்லாத ஸ்வரம். இன்னொருவர் காதில் அது விழும், அவர் எடுத்துக்கொள்வார், அவரிடமிருந்து இன்னொருவர். தப்புதான் அந்த இசைக்குப் புது ரத்தம். எல்லோரும் துல்லியமாகப் பாடத் தெரிந்தவர்களாக இருந்தால் அது சீக்கிரமே ஒற்றை ஸ்வரத்தில் போய் முட்டி நின்றுவிடும்.

பின்வரிசையில் வாயை மட்டும் அசைத்தவனுக்கு இது என்ன செய்தி என்று உங்களுக்குப் புரியும். டீச்சர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருந்த பாட்டுக்கு நான் நஷ்டம்தான். தப்பை வரவு வைத்துக்கொள்கிற பாட்டும் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் தராசிலும் இது நிற்கிறது. ஒருவர் மட்டும் அடுத்தவரைக் கேட்காமல் தொண்டை கிழிய ஒரே ஸ்வரத்தைக் கத்தினால் போதும், மற்றவர்கள் காதில் வேறெதுவும் விழாது, எல்லோரும் அதற்கே போய்ச் சேர வேண்டியதுதான். கெடுப்பது அவ்வளவு சுலபம். கெடாமல் இருப்பது ஒவ்வொருவர் காதையும் நம்பியிருக்கிறது.

இதை எழுதியவரே இதைக் கைகழுவினார் என்பதுதான் வருத்தம். 1971 வாக்கில் ஸ்க்ராட்ச் ஆர்கெஸ்ட்ராவுக்குள் புகைச்சல். யாருக்காக வாசிக்கிறோம், இதனால் தொழிலாளிக்கு என்ன பிரயோஜனம் என்று விவாதங்கள். கார்டியூ மாவோயிஸ்ட் ஆனார். குழு சில வருஷங்களில் கரைந்தது. 1974-ல் 'ஸ்டாக்ஹவுசன் ஏகாதிபத்தியத்துக்குச் சேவை செய்கிறார்' என்று தலைப்பு வைத்து ஒரு புத்தகம் போட்டார். குருவோடு நிறுத்தவில்லை, தன் 'கிரேட் லேர்னிங்'கையும் சேர்த்துப் போட்டுத் தாக்கினார். பிறகு போராட்டக் களத்துக்கான பாடல்களை எளிய மெட்டில் எழுதினார். நேர்மையான மனிதர், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாடல்களைக் கேட்டால் எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், மக்களுக்காக எழுதியதில் மக்களுக்கு வேலை இல்லை. எழுதிக்கொடுத்த வரியை எழுதிக்கொடுத்த மெட்டில் பாட வேண்டும். கட்டைக் குரல்காரன் மறுபடி பின்வரிசைக்குப் போய்விட்டான். அவர் வெறுத்து ஒதுக்கிய ஏழாம் பத்தியில்தான் ஆளுக்கொரு பங்கு நிஜமாகவே இருந்தது. 1981 டிசம்பரில் கிழக்கு லண்டன் லேட்டனில் வீட்டருகே ஒரு கார் மோதிவிட்டு நிற்காமல் போனது. 45 வயது. கார் ஓட்டியவர் கடைசிவரை அகப்படவில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலின் ஆலிவரோஸ், 1932-ல் டெக்சாஸில் பிறந்தவர், வாத்தியம் அக்கார்டியன். 1970 மே மாதம், அவர் ஆசிரியராக இருந்த சான் டியாகோ பல்கலைக்கழக வளாகத்தில் வியட்நாம் போரை எதிர்த்து ஒரு மாணவர் தீக்குளித்து இறந்தார். தீக்குளிப்பு என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கச்சேரி, கைதட்டல் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஆலிவரோஸ் ஒரு நீண்ட ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சில பெண்கள் அவரோடு வாராவாரம் கூடினார்கள். அந்தக் கூடுகைகளில் உருவானவைதான் 1974-ல் புத்தகமாக வந்த 'சோனிக் மெடிட்டேஷன்ஸ்'. நோட்டேஷன் இல்லை, குட்டிக் குட்டி வசனக் குறிப்புகள். பார்வையாளர் என்று தனியாக ஒருத்தர் கிடையாது, இருக்கிற எல்லோரும் செய்ய வேண்டியவர்கள்.

(இவர் 1988-ல் வாஷிங்டன் மாநிலத்தில் தரைக்கடியில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி வாசித்தார். எதிரொலி 45 விநாடி நிற்கும். ஒரு தும்மல் போட்டால் முக்கால் நிமிஷம் உங்களைச் சுற்றிவரும்!)

அவருடைய சுருதி தியானம் இன்னும் எளிது. ஒரு மூச்சில் உங்கள் மனதில் கேட்கிற ஸ்வரத்தைப் பாடுங்கள். அடுத்த மூச்சில் வேறு யாரோ பாடுகிற ஸ்வரத்தோடு சேருங்கள். அதற்கடுத்த மூச்சில் யாருமே பாடாத ஸ்வரம் ஒன்றைப் பாடுங்கள். மாற்றி மாற்றி இதையே. 2016-ல் அவர் மறைந்த பிறகு, 2020 ஊரடங்கில் பல நாட்டுக்காரர்கள் ஜூமில் கூடி இதைப் பாடினார்கள். சத்தமாகப் பேசுகிறவரையே முன்னால் தள்ளுகிற அந்த மென்பொருளில்!

குறை இல்லாமல் இல்லை. இந்த மாதிரி விஷயங்கள் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் 'டீம் பில்டிங்' ஆகிவிடும். கண்ணை மூடு, மூச்சை இழு, சம்பள உயர்வைக் கேட்காதே. தனியாக ஹெட்போனில் கேட்டால் ஆலிவரோஸைவிட கார்டியூ தேவலை என்பதுதான் என் கட்சி. ஆனால் இது கேட்பதற்கானது இல்லையே. செய்து பார்க்காமல் விமர்சனம் எழுதுவது, சாப்பிடாமல் ஹோட்டல் விமர்சனம் எழுதுவது மாதிரி.

செய்து பார்த்தேன். போன மே மாதம் ஒரு ராத்திரி எங்கள் அபார்ட்மென்ட்டில் கரன்ட் போய்விட்டது. ஜெனரேட்டரும் மக்கர். வழக்கம்போல மொட்டைமாடியில் கூடினோம். நான், மனைவி, மகள், ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, மூன்றாவது மாடி ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், அவர் மனைவி, இரண்டு கல்லூரிப் பையன்கள். எட்டுப் பேர். விதியைச் சொன்னேன். சிரித்தார்கள். இருட்டாக இருந்ததால் ஒப்புக்கொண்டார்கள்.

முதல் இரண்டு நிமிஷம் ஒரே சிரிப்பு. அத்தை 'ஓம்' என்று ஆரம்பித்தாள், எல்லோரும் அதிலேயே போய் ஒட்டிக்கொண்டார்கள். சேர்வது நமக்குக் கைவந்த கலை. கஷ்டமே மூன்றாவது மூச்சில்தான். மேனேஜர் நிறுத்திவிட்டார்.

"யாருமே பாடாததை எப்படி சார் பாடறது? அதுக்கு முதல்ல எல்லாரும் என்ன பாடறாங்கன்னு கேட்டாகணுமே?"

"அதான் சார்."

"அடேங்கப்பா" என்றார். மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. எட்டுப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது இருட்டில்கூடத் தெரிந்தது. வாட்ச்மேன் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து டார்ச்சோடு ஓடிவந்தார், பிறகு படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்.

ரொம்பத் திண்டாடியது என் மகள்தான். ஆறு வருஷம் கர்நாடக சங்கீதம். "அப்பா, நீங்க பாடறது ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல இருக்குப்பா" என்றாள். இருக்கட்டும் என்றேன். சேர்கிற மூச்சு வந்தபோது அவள் குரல் கொஞ்சம் தடுமாறி, இறங்கி, என்னுடையதற்கே வந்தது. அவள் வந்து சேர்வதற்குள் நான் அங்கிருந்து நழுவிவிட்டேன், அது வேறு விஷயம். அவள் விடவில்லை. நான் விட்டுப்போன இடத்தில் மூச்சு முடியும்வரை நின்றாள். அடுத்த மூச்சில் கல்லூரிப் பையன்களில் ஒருவன் அதை எடுத்துக்கொண்டான்.

கரன்ட் வந்துவிட்டது. கீழே எல்லா வீட்டு டி.வி.யும் ஒரே சமயத்தில் அலறின. எல்லோரும் இறங்கினோம். படிக்கட்டில் மேனேஜர் வாட்ச்மேனைப் பிடித்து நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்:

"ஏம்ப்பா, நாளைக்கும் கரன்ட் போகுமா?"